காட்டுக்குள் கேமராமேன் எங்கே நிற்கிறார்?

பாறை விளிம்பில் ஒருவர் தொங்குகிறார். விரல் நுனிதான் பிடிமானம். தவறினால் கதை முடிந்தது என்று மூச்சு வாங்கச் சொல்கிறார். பார்த்துக்கொண்டிருக்கும் நாமும் சோபா நுனிக்கு வந்துவிடுகிறோம். சரி, அந்தக் காட்சியை ஒருமுறை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முதலில் வியர்வை வழியும் அவர் முகம், கைக்கெட்டும் தூரத்தில். அடுத்து அவருடைய காலணி, கீழேயிருந்து. அடுத்து மொத்த மலையும், வானத்திலிருந்து. அப்படியென்றால் ஒருவர் அவருக்கு முன்பே மேலே ஏறிப் படுத்துக்கொண்டு எடுத்திருக்கிறார். இன்னொருவர் கீழே நின்று எடுத்திருக்கிறார். மூன்றாவதாக ஒரு டிரோனோ ஹெலிகாப்டரோ சுற்றியிருக்கிறது. தன்னந்தனியாகத் தவிக்கும் மனிதரைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டமே இருக்கிறது, படத்துக்கு வெளியே.

காட்டில் உயிர் பிழைப்பதைக் காட்டும் இந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். "எல்லாம் செட்டப்" என்பார்கள் சிலர். "பாம்பைப் பச்சையாகத் தின்கிறாரே, அது எப்படிப் பொய்யாகும்?" என்பார்கள் சிலர். இரண்டு கட்சியிலும் பாதி நியாயம் இருக்கிறது. ஏனென்றால் 'நிஜம்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் பல சமாச்சாரங்கள் அடங்கியிருக்கின்றன. காடு நிஜமா? அனேகமாக ஆமாம். உடம்பு படும் பாடு? பெரும்பாலும் அதுவும் நிஜம். ஆபத்து? அது முன்கூட்டியே அளந்து, கயிறு கட்டி வைத்த ஆபத்து. எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்ற வரிசை? அதைத்தான் கொஞ்சம்கூட நம்ப வேண்டாம். அது எடிட்டிங் அறையில் உருவாவது.

எந்த நிகழ்ச்சியை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்க நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: கேமரா யார் கையில் இருக்கிறது?

எல்லோருக்கும் தெரிந்த பியர் கிரில்ஸிடமிருந்தே தொடங்கலாம். 2006இல் டிஸ்கவரி சேனலில் தொடங்கிய 'மேன் வெர்சஸ் வைல்ட்' நிகழ்ச்சியின் நாயகர். ஆள் போலி இல்லை. பிரிட்டிஷ் ராணுவத்தின் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ்.ஸின் ரிசர்வ் பிரிவில் இருந்தவர், பாராசூட் விபத்தில் முதுகெலும்பு முறிந்தவர், அதிலிருந்து எழுந்து 1998இல் எவரெஸ்ட் ஏறியவர். ஆனால் 2007இல் அந்த நிகழ்ச்சியில் வேலை பார்த்த ஆலோசகர் ஒருவர் சில விஷயங்களை வெளியே சொன்னார். காட்டில் தூங்குவதுபோலக் காட்டிய சில இரவுகளில் கிரில்ஸ் விடுதியில் தங்கினார். ஆளில்லாத தீவில் அவரே கட்டியதாகக் காட்டிய தெப்பத்தைக் குழுவினர் முதலில் கட்டி, பிறகு பிரித்துக் கொடுத்தார்கள். அந்தத் 'தீவு' ஹவாயில் இருந்தது. அவர் பிடிக்கப் பார்த்த 'காட்டுக் குதிரைகள்' ஓட்டி வரப்பட்டவை. செய்தி பெரிதானதும் பிரிட்டனில் அதை ஒளிபரப்பிய சேனல் 4, இது நடந்ததை நடந்தபடி பதிவு செய்யும் ஆவணப்படம் கிடையாது, உயிர் பிழைக்கும் உத்திகளைச் செய்துகாட்டும் நிகழ்ச்சி என்று விளக்கம் கொடுத்தது. டிஸ்கவரி சில பகுதிகளைத் திருத்தி வெளியிட்டது. அதன் பிறகுதான் தொடக்கத்தில் அந்த அறிவிப்பு வந்தது: ஆபத்தான இடங்களில் பியருக்கும் குழுவுக்கும் உதவி கிடைக்கிறது, உத்திகளைக் காட்டுவதற்காகச் சில சூழல்கள் ஏற்படுத்தித் தரப்படுகின்றன என்று. இரண்டே வரிதான். சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து முடிப்பதற்குள் போய்விடும்.

என் கணக்கில் விடுதியில் தூங்கியது பெரிய குற்றமே இல்லை. ஒரு படக்குழு காட்டுக்குள் போவதென்றால் காப்பீடு வேண்டும், வனத்துறை அனுமதி வேண்டும், மருத்துவ உதவியாளர் வேண்டும், அந்த இடத்தின் பாதை தெரிந்த உள்ளூர் ஆள் வேண்டும். யாராவது உயிரை விட்டால் நிகழ்ச்சியே மூடப்படும். தூங்காத ஆளை மறுநாள் பாறையில் ஏற்ற எந்தத் தயாரிப்பாளருக்கும் தைரியம் வராது. தப்பு எங்கே என்றால், தூங்கினேன் என்று சொல்லாததில். அப்புறம் இன்னொன்று. கிரில்ஸ் ஓடினால் அவர் கூடவே, கண்ணை வியூஃபைண்டரில் வைத்துக்கொண்டு, தோளில் எடையோடு ஒரு கேமராமேனும் ஓடியிருக்கிறார். ஒலிப்பதிவாளரும் ஓடியிருக்கிறார். அவர்களுக்குப் பின்னணி இசை கிடையாது.

பிரபலங்களைக் கூட்டிப்போகும் பகுதிகளில் பாதுகாப்பு வளையம் இன்னும் இறுக்கமாக இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். 2019 ஆகஸ்ட் 12 அன்று ஒளிபரப்பான, ஜிம் கார்பெட் காட்டில் எடுத்த பகுதியில் பிரதமர் மோடி இந்தியில் பேசினார், கிரில்ஸ் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். இவருக்கு இந்தி எப்படிப் புரிந்தது என்று பலரும் கேட்டார்கள். காதில் மாட்டியிருந்த சின்னக் கருவி வழியாக உடனுக்குடன் மொழிபெயர்ப்பு வந்துகொண்டிருந்தது என்று மோடியே பிறகு வானொலி உரையில் சொன்னார். படத்தில் அந்த மொழிபெயர்ப்பு நம் காதில் விழவில்லை. அதைப் பொய் என்று சொல்ல முடியாது. நமக்குக் காட்டாமல் விட்டது, அவ்வளவுதான். ரஜினிகாந்த் பந்திப்பூருக்குப் போன பகுதி 2020 மார்ச் 23 அன்று வந்தது. அதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்: காடு அசல், ரஜினி அசல், இடையில் இருக்கும் சாகசம் பாதுகாப்பாகக் கட்டித் தந்தது.

இப்போது எடிட்டிங். இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் ஏமாற்று என்று எதைச் சொன்னாலும் அதில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது.

தீ மூட்டுவதை எடுத்துக்கொள்வோம். ஞெலிகோல் என்று சங்கப் பாடல்கள் சொல்லும் தீக்கடைகோல்தான். அடியில் ஒரு காய்ந்த பலகை, அதில் ஒரு சின்னக் குழி, குழிக்குப் பக்கத்தில் ஒரு வெட்டு. குழியில் ஒரு தண்டை நிறுத்தி, வில் கயிற்றைச் சுற்றி, முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். முதலில் கீச்சுச் சத்தம் வரும். பிறகு புகை வரும். புகை வந்தால் தீ வந்துவிட்டது என்று நினைப்பவர்தான் முதலில் தோற்கிறார். பழுப்புத்தூள் கறுத்து, அந்த வெட்டில் குவிந்து, தானாகப் புகையும் வரை நிறுத்தக் கூடாது. அந்தக் கடுகளவு தணலை நார்க்கூட்டுக்குள் தட்டிவிட்டு, தாய்ப்பறவை மாதிரிப் பொத்திப் பிடித்து ஊத வேண்டும். பழகிய கைக்கு, காய்ந்த மரம் கிடைத்தால், சில நிமிடம். ஈரக்காட்டில், பழகாத கைக்கு, அரைநாள் போகும். கை கொப்பளித்ததுதான் மிச்சம் என்றும் ஆகலாம்.

தொலைக்காட்சியில் இது நாற்பது நொடி. இழுக்கிறார், வியர்க்கிறார், புகை, தீ. நடுவில் ஏழு முறை அணைந்தது எங்கே போனது? தெரியாது. கடைசியில் எரியும் நெருப்பு அந்தத் தணலிலிருந்து வந்ததா, பக்கத்தில் இருந்தவர் லைட்டரை நீட்டினாரா? காட்டவில்லை என்றால் அதுவும் தெரியாது. தணல் பிடிப்பதிலிருந்து சுடர் எழுவது வரை வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் காட்டினால் மட்டும் நான் நம்புவேன். இது நல்ல சோதனை. வீட்டிலிருந்தே செய்து பார்க்கலாம்.

புலி கதையும் இதே மாதிரிதான். அவர் திரும்பிப் பார்க்கிறார். வெட்டு. புதருக்குள் இரண்டு கண்கள். வெட்டு. அவர் மூச்சைப் பிடிக்கிறார். அவரும் அந்தக் கண்களும் ஒரே சட்டகத்தில் வந்தார்களா? வரவில்லை என்றால் அந்தப் புலி வேறு மாதத்தில், வேறு காட்டில், வேறு யாரோ எடுத்த புலியாகவும் இருக்கலாம். சத்தமும் அப்படியே. இலை நொறுங்குவது, தூரத்து உறுமல், எலும்பு முறியும் 'மடக்' எல்லாம் பிறகு ஸ்டுடியோவில் சேர்ப்பது. பேச்சையும் ஒட்டுவார்கள். திங்கட்கிழமை சொன்ன பாதி வாக்கியத்தோடு வியாழக்கிழமை சொன்ன பாதியைச் சேர்த்துவிடுவார்கள். அமெரிக்க எடிட்டர்கள் இதற்கு ஒரு பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள்: 'ஃபிராங்கன்பைட்', செத்த உடல்களின் துண்டுகளைத் தைத்து உருவாக்கிய ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்தின் நினைவாக. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது படம் திடீரென்று அவர் முகத்தை விட்டுக் காட்டுக்குத் தாவினால், குரல் மட்டும் ஓடினால், காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தையல் அங்கேதான் இருக்கும்.

போட்டி வகை வேறு மாதிரி. 1997இல் சுவீடனில் 'எக்ஸ்பெடிஷன் ராபின்சன்' என்ற பெயரில் வந்தது, 2000இல் அமெரிக்காவில் 'சர்வைவர்' ஆனது. ஒரு தீவில் ஆட்களை விட்டு, ஒவ்வொருவராக வாக்களித்து வெளியேற்றி, கடைசியில் நிற்பவருக்கு 10 லட்சம் டாலர். இதில் சுற்றிலும் நூற்றுக்கணக்கில் ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்பதை யாரும் மறைப்பதில்லை. 2001இல் தயாரிப்பாளர் மார்க் பர்னெட்டே சில காட்சிகளை டூப் ஆட்களை வைத்துத் திரும்ப எடுத்ததாக ஒப்புக்கொண்டார். நீச்சல் போட்டியை மேலிருந்து எடுத்தால் மற்ற கேமராக்காரர்களும் படத்தில் விழுகிறார்கள், அதனால் பிறகு தனியாக எடுத்தோம் என்றார். முடிவு மாறவில்லை, அழகுக்காகத்தான் என்பது அவர் வாதம். ஆனால் அதே 2001இல் ஆஸ்திரேலியாவில் எடுத்த பருவத்தில் (சீசனில்) ஒரு போட்டியாளர் புகையில் மயங்கி நெருப்பிலேயே விழுந்தார். கை வெந்துபோய் ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். 2016இல் ஒளிபரப்பான கம்போடியப் பருவத்தில் வெயிலில் மண்ணைத் தோண்டிய ஒருவர் சுருண்டு விழுந்தபோது, அதுவரை மறைந்திருந்த குழுவினரும் ஓடி வந்தார்கள். அன்றைக்குத்தான் கேமராவுக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று ரசிகர்கள் பார்த்தார்கள்.

அடுத்தது, கேமரா தவிப்பவர் கையிலேயே இருக்கும் வகை. எனக்குப் பிடித்தது இதுதான். சொல்லவே வேண்டாம், சுவாரசியத்தில் கடைசியில் நிற்பதும் இதுதான்.

கனடாக்காரர் லெஸ் ஸ்ட்ராவுட் 2004இல் தொடங்கிய 'சர்வைவர்மேன்' தொடரில் ஏழு நாள் தனியாக இருப்பார், படமும் தானே எடுப்பார். கேமரா சாமான் மட்டும் ஏறத்தாழ 23 கிலோ. ஆபத்துக்குச் சாட்டிலைட் போன் உண்டு, தூரத்தில் ஒரு பாதுகாப்புக் குழுவும் உண்டு. ஆனால் பக்கத்தில் யாரும் இல்லை. அவர் ஒரு பனிச்சரிவைக் கடந்து தூரத்தில் புள்ளியாக மறையும் அழகான காட்சி வரும். அந்தக் காட்சிக்கு என்ன செய்ய வேண்டும் என்று யோசியுங்கள். முக்காலியை நட வேண்டும். கேமராவை ஓடவிட வேண்டும். புள்ளியாக மறையும் வரை நடக்க வேண்டும். பிறகு அதே தூரம் திரும்பி வந்து கேமராவை எடுத்துக்கொண்டு, மூன்றாவது முறையாக அதே சரிவில் நடக்க வேண்டும், வெறும் வயிற்றோடு. ஒரு அழகு ஷாட்டுக்கு மூன்று மடங்கு நடை. சில சமயம் அவர் திரும்பி வருவதையும் காட்டிவிடுவார். அந்தத் தொடரில் நான் அசந்துபோன இடம் அது.

இதே முறையில் பெரிய அளவில் வந்தது 'அலோன்'. 2015இல் ஹிஸ்டரி சேனலில், கனடாவின் வான்கூவர் தீவில் தொடங்கியது. பத்துப் பேர், ஆளுக்குப் பத்துப் பொருள், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத தூரம். யார் போனை எடுத்து 'போதும்' என்று சொல்லாமல் கடைசி ஆளாக நிற்கிறாரோ அவருக்கு 5 லட்சம் டாலர். முதல் பருவத்தில் ஒருவர் கரடிக்குப் பயந்து முதல் இரவே கிளம்பிவிட்டார். வென்றவர் 56 நாள் இருந்தார். கனடாவின் கிரேட் ஸ்லேவ் ஏரிக்கரையில் எடுத்த ஏழாவது பருவத்தில் 100 நாள் தாங்கினால் 10 லட்சம் டாலர் என்றார்கள். ரோலண்ட் வெல்க்கர் தாங்கினார். கஸ்தூரி எருது ஒன்றையும் வேட்டையாடினார்.

ஆனால் 'அலோன்' பார்ப்பவர்களுக்குச் சீக்கிரம் ஒன்று புரியும். இது கரடியோடு போடும் சண்டை இல்லை, பட்டினியோடு போடும் சண்டை. பாதிப் பேர் காட்டுக்குப் போகும் முன்பே உடம்பில் கொழுப்பை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். போன பிறகு, எழுந்து அலைந்தால் செலவாகும் கலோரி, அலைந்து கிடைக்கும் மீனைவிட அதிகமா என்று கணக்குப் போடுகிறார்கள். முயல் மட்டுமே தின்றாலும் ஆபத்து. கொழுப்பில்லாத இறைச்சியை வயிறு முட்டத் தின்றாலும் உடம்பு நலிந்துகொண்டே போகும். மருத்துவர்கள் அவ்வப்போது வந்து எடை பார்க்கிறார்கள். உடல் எடைக் குறியீடான பி.எம்.ஐ. 17க்குக் கீழே இறங்கினால் விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியே. தென் அமெரிக்காவின் பட்டகோனியாவில் எடுத்த மூன்றாவது பருவத்தில் ஒரு பெண் 86ஆம் நாளில் அப்படித்தான் வெளியேற்றப்பட்டார். மிச்சமிருந்த ஒருவர் 87ஆம் நாளில் வென்றார். ஒரே ஒரு நாள். எலும்பு தெரியும் அந்தத் தோள்களை எந்த எடிட்டரும் உருவாக்க முடியாது. ஆனாலும் இங்கேயும் வரிசை எடிட்டருடையதுதான். பத்துப் பேர் வாரக்கணக்கில் எடுத்துக் குவித்ததில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பகுதிகளை வெட்டி எடுக்கும்போது, யார் வீரர், யார் அழுமூஞ்சி என்பதை அவர்தான் முடிவு செய்கிறார்.

நடுவில் ஒரு தந்திர வகை உண்டு: கேமரா தவிப்பவர்களிடமே இருக்கும், ஆனால் தீவை முன்கூட்டியே 'நிரப்பி' வைத்திருப்பார்கள். 2014இல் சேனல் 4இல் வந்த கிரில்ஸின் 'தி ஐலண்ட்' பனாமாவின் முத்துத் தீவுகளில் எடுத்தது. அங்கே கெய்மன் முதலைகளைக் கொண்டுவந்து விட்டதையும், குடிநீர்க் குட்டையை ஏற்பாடு செய்ததையும் சேனலே ஒப்புக்கொண்டது. இல்லாவிட்டால் பட்டினி கிடந்தே செத்திருப்பார்கள் என்பதால் அதில் நியாயம் உண்டுதான். வேடிக்கை என்னவென்றால், 2015இல் பங்கேற்பாளர்கள் கெய்மன் என்று நினைத்துக் கொன்றது பாதுகாக்கப்பட வேண்டிய அமெரிக்க முதலை என்று பிறகு தெரிந்தது. செட்டப் செய்த தீவிலும் நிஜ விலங்கு வந்து மாட்டிக்கொண்டது.

'காட்டிலேயே குடும்பம் நடத்துகிறோம்' என்ற வகையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2014இல் டிஸ்கவரியில் தொடங்கிய 'அலாஸ்கன் புஷ் பீப்பிள்' குடும்பத்தின் தந்தை பில்லி பிரவுனும் ஒரு மகனும், அலாஸ்கா மாநிலம் தன் குடிமக்களுக்குத் தரும் எண்ணெய் வருமானப் பங்கை, அங்கே வசிக்காத காலத்துக்கும் பொய்யாக எழுதி வாங்கியதாக நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2016இல் தண்டனையும் கிடைத்தது. படத்தில் பார்த்ததைவிட நீதிமன்றக் காகிதம் அதிகம் சொல்லியது.

இதெல்லாம் இந்தக் காலத்து வியாதி என்று நினைக்க வேண்டாம். 1958இல் டிஸ்னி வெளியிட்ட 'வைட் வில்டர்னஸ்' ஆவணப்படத்தில் லெமிங் என்ற எலி இனம் கூட்டம் கூட்டமாக மலைவிளிம்பிலிருந்து கடலில் குதித்துத் தற்கொலை செய்துகொள்ளும். ஆஸ்கரும் வாங்கியது. 1982இல் கனடாவின் சி.பி.சி. தொலைக்காட்சி தோண்டியெடுத்தது. படம் எடுத்த ஆல்பர்ட்டா மாகாணத்தில் கடலே கிடையாது, அது ஆறு. லெமிங்குகள் வெளியிலிருந்து வாங்கி வந்தவை. குதிக்கவில்லை, தள்ளிவிட்டார்கள். லெமிங்குகள் கூட்டமாகத் தற்கொலை செய்துகொள்ளும் என்று இன்றைக்கும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு இதைவிடக் கவலை தரும் விஷயம், இந்த நிகழ்ச்சிகள் எதை முக்கியம் என்று சொல்லித் தருகின்றன என்பது. புழு தின்பதும் அருவியில் குதிப்பதும் நன்றாகப் படமாகும். ஆனால் வழி தவறியவரை முதலில் வீழ்த்துவது பசி இல்லை. குளிரோ வெயிலோ, அப்புறம் தாகம். சாப்பாடு இல்லாமல் வாரக்கணக்கில் தாங்கும் உடம்பு, ஈர உடையோடு குளிரில் ஒரு ராத்திரி தாங்காமல் போகலாம். கிரில்ஸ் சிறுநீர் குடித்த காட்சி உலகப் புகழ். அமெரிக்க ராணுவத்தின் உயிர்பிழைப்புக் கையேடோ, குடிக்கக் கூடாதவற்றின் பட்டியலில் கடல்நீரோடு சிறுநீரையும் சேர்த்திருக்கிறது. அதில் உள்ள உப்பை வெளியேற்ற உடம்பு இன்னும் தண்ணீரைச் செலவழிக்க வேண்டியிருக்கும். அருவியில் குதித்தால் என்ன ஆகும்? கணுக்கால் முறியும். முறிந்த காலைப் பிடித்துக்கொண்டு உட்கார, பக்கத்தில் மருத்துவ உதவியாளர் இருக்க மாட்டார்.

தேடுதல் குழுக்கள் சொல்வது வேறு. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று கிளம்பும் முன்பே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். வழி தவறியது தெரிந்ததும் நில்லுங்கள், உட்காருங்கள். உடம்பை உலர்வாக வைத்துக்கொள்ளுங்கள். விசில் இருந்தால் ஊதுங்கள், மூன்று மூன்றாக. மனிதர் ஒருவர் மரத்தடியில் ஒன்றரை நாள் உட்கார்ந்து விசில் ஊதுவதை எந்தச் சேனலும் வாங்காது. ஆனால் தேடி வருகிறவர்கள் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அப்படி உட்கார்ந்திருப்பவரைத்தான்.